கடன் கொப்பியில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி?

வன்னியில் தொழில் செய்கிற எவரிடமும் கணக்கு இல்லாமல் இல்லை. கடன் கொப்பி இருக்கிறது. லாச்சிக்குள் பில் கட்டு இருக்கிறது. சாமான் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகள் போனில் கிடக்கின்றன. போன காலபோகத்தில் எந்தக் கடைக்கு எவ்வளவு போட்டோம், எவர் எப்போது காசு தந்தார் என்பதெல்லாம் எங்கோ ஒரு பக்கத்தில் எழுதப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் அடுத்த கிழமை மிளகாய் எத்தனை மூட்டை எடுப்பது என்று தீர்மானிக்கும் நேரம் வந்தால் அந்தக் கொப்பியை யாரும் புரட்டுவதில்லை. நினைவில் நிற்பதை வைத்தே சொல்லிவிடுகிறோம். நினைவில் நிற்பதோ பெரிய வியாபாரமும் நேற்றைய வியாபாரமும்தான்.

கணினியில் பெரிய பழக்கம் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு போன், ஒரு ஜிமெயில் கணக்கு, தொடக்கத்தில் ஓரிரு நாளுக்கு இரவல் வாங்கியாவது ஒரு கணினி, பிறகு கிழமைக்கு அரை மணித்தியாலம். இவ்வளவும் போதும். தரவுப் பகுப்பாய்வு, டாஷ்போர்ட் என்ற சொற்களைக் கேட்டு ஒதுங்கத் தேவையில்லை. எழுதி வைத்ததைக் கூட்டிக் கழித்து வகைப்படுத்திப் பார்ப்பது முதலாவது. அதில் வந்த விடைகளை ஒரே திரையில் கண்ணுக்குப் படும்படி வைப்பது இரண்டாவது.

விளக்க வசதிக்காக ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். கிளிநொச்சிப் பக்கம் சிறிய அரைக்கும் ஆலை. மிளகாய்த்தூளும் அரிசி மாவும் பக்கற்றில் அடைத்து, பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஏ9 வீதியோரக் கடைகளுக்கும், புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கடைகளுக்கும் ஓட்டோவில் கொண்டுபோய்ப் போடுகிறது. கீழே இந்த ஆலைக்கென்று வரும் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் எண்களைப் போட்டு வாசியுங்கள்.

முதலில் முடிவை எழுதுங்கள்

பலர் இந்த வேலையைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். யூடியூப்பில் வண்ண வண்ணமாக ஒரு டாஷ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்றைச் செய்யப் பாடுபடுகிறார்கள். கொஞ்ச நாளில் கைவிட்டும் விடுகிறார்கள். அந்தப் படங்கள் அவர்களுடைய எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாததுதான் காரணம்.

ஆகவே கணினியைத் திறக்க முன்பு ஒரு தாளை எடுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் எடுத்தே ஆகவேண்டிய முடிவுகளை எழுதுங்கள். எங்கள் ஆலைக்காரரின் தாளில் மூன்று இருக்கும். செத்தல் மிளகாயை விலை குறைந்த நேரத்தில் மொத்தமாக எடுத்து வைப்பதா, கிழமைக்குக் கிழமை எடுப்பதா? எந்தக் கடைக்குக் கடனைக் குறைப்பது, எதற்குக் கூட்டிக் கொடுப்பது? ஒட்டுசுட்டான் பக்கம் ஓட்டோ கிழமைக்கு இரண்டு முறை போவது கட்டுமா?

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இன்னொரு வரி வேண்டும்: எண் எப்படி வந்தால் நான் என்ன செய்வேன்? உதாரணமாக, “பெற்றோலும் ஓட்டுநர் கூலியும் கழித்து ஓர் ஓட்டத்தில் 2,000 ரூபா மிஞ்சாவிட்டால் ஒட்டுசுட்டான் ஓட்டத்தைக் கிழமைக்கு ஒன்றாகக் குறைப்பேன்.” எண்ணைப் பார்க்க முன்பே இதை எழுதி வைப்பது முக்கியம். பார்த்த பிறகு எழுதினால், மனம் ஏற்கெனவே விரும்பியதற்கு ஏற்றபடி எல்லையை நகர்த்திவிடுவோம். இந்த இரண்டாவது வரியை எழுத முடியாத கேள்வி என்றால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதற்காகத் தரவு சேர்ப்பது வீண் அலுப்பு.

அட்டவணையை ஒழுங்காகப் போடுங்கள்

என் அனுபவத்தில் வேலையின் முக்கால்வாசி இங்கேதான். இது சரியாக இருந்தால் மீதி தானாக வரும்.

கூகுளின் இலவச அட்டவணைச் செயலியான கூகுள் ஷீட்டில் ஒரு புதிய கோப்பைத் திறந்து “விற்பனை” என்று ஒரு தாளுக்குப் பெயர் வையுங்கள். ஏழு நிரல்கள் போதும்: திகதி, கடைக் குறியீடு, பொருள், அளவு, அலகு, ஒன்றின் விலை, காசா கடனா. ஒரு கடைக்கு ஒரு நாளில் ஒரு பொருள் போட்டால் ஒரு வரி. அதே கடைக்கு அன்றே அரிசி மாவும் போட்டால் அது அடுத்த வரி. கொப்பியில் எழுதுவதுபோல் “மி.தூள் 20, மா 15” என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கணினியால் கூட்ட முடியாது.

கடன் காசு எங்கள் ஊரில் ஒரேயடியாக வருவதில்லை. இன்றைக்கு ஐயாயிரம், அடுத்த கிழமை மூவாயிரம் என்று வரும். அதனால் “வரவு” என்று இரண்டாவது தாள் வேண்டும்: திகதி, கடைக் குறியீடு, தொகை. கடனுக்குப் போட்ட மொத்தத்திலிருந்து வரவைக் கழித்தால் நிலுவை.

மூன்றாவது தாளைப் பெரும்பாலானோர் வைப்பதில்லை, ஆனால் நான் இதை வற்புறுத்திச் சொல்வேன். அதற்கு “கேட்டார், இல்லை” என்று பெயர் வையுங்கள். ஒரு கடைக்காரர் 100 கிராம் பக்கற் கேட்டு உங்களிடம் இல்லாமல் போனால் அதை இங்கே எழுதுங்கள். விற்பனைத் தாளில் அந்தக் கிழமை பூச்சியம் என்றுதான் விழும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது அந்தப் பூச்சியம் “ஆட்கள் விரும்பவில்லை” என்று தோன்றும். உண்மையில் ஆட்கள் கேட்டார்கள், நாங்கள்தான் கொடுக்கவில்லை. கையிருப்பு முடிந்த நாளையும் விருப்பம் இல்லாத நாளையும் விற்பனைக் கணக்கு வேறுபடுத்திக் காட்டாது.

பிறகு சில கட்டுப்பாடுகள். நடுவில் “மார்ச் மாதம்” என்று தலைப்பு வரி போடக்கூடாது, மாத முடிவில் கூட்டுத்தொகை வரி செருகக்கூடாது, இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைக்கக்கூடாது. “சிவப்பு நிறம் போட்டது கடன்” என்று நிறத்தால் குறிக்கவும் கூடாது. சூத்திரத்துக்கு நிறம் தெரியாது.

அலகில் கவனம். கிலோ, பக்கற், மூட்டை மூன்றும் ஒரே நிரலில் கலந்தால் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இல்லை. நெல் வாங்குபவர்களுக்கு இது இன்னும் சிக்கல். கமக்காரர் புசலில் பேசுவார், ஆலை கிலோவில் பேசும். நெல்லில் ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. எதையாவது ஒன்றை அடிப்படையாக எடுத்து, எழுதும்போதே மாற்றி எழுதுங்கள். கிலோ நல்லது.

திகதியை 2025-03-04 என்ற ஒழுங்கில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால், கோப்பு அமெரிக்க ஒழுங்கில் இருக்கும்போது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது ஏப்ரல் 3. பிழை என்று எதுவும் காட்டாது, அமைதியாகத் தப்பான மாதத்தில் போய் விழுந்துவிடும்.

அடுத்தது எழுத்துரு. இங்கே பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினியில் தட்டுகிறார்கள். பாமினியில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துகளின் கோர்வை. போனில் திறந்தால் குப்பையாகத் தெரியும், தேடினால் அகப்படாது, அகரவரிசையும் வராது. தரவுக்கு யூனிகோட் மட்டும்தான், அதாவது எல்லாக் கணினியும் போனும் ஒரே மாதிரி வாசிக்கும் எழுத்துமுறை. போனில் உள்ள சாதாரணத் தமிழ் விசைப்பலகை யூனிகோடில்தான் எழுதுகிறது. பழைய பாமினிக் கோப்பு இருந்தால் மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.

கடைசியாக, பெயர். “புதுக்குடியிருப்பு”, “பு.குடியிருப்பு”, “பி.டி.கே.” எல்லாம் எங்களுக்கு ஒரே இடம். கணினிக்கு மூன்று ஊர். இதற்காகத்தான் கடைக் குறியீடு. பு01, பு02, மா01 என்று கொடுத்து, தனித் தாளில் எந்தக் குறியீடு எந்தக் கடை என்று எழுதி வையுங்கள். கூகுள் ஷீட்டில் தரவுச் சரிபார்ப்பு என்ற வசதியால் அந்தக் கட்டத்தில் தெரிவுப் பட்டியல் ஒன்றை வைத்துவிடலாம். பிறகு யார் எழுதினாலும் பட்டியலில் உள்ளதைத்தான் தெரிவு செய்ய முடியும். பொருளுக்கும் அலகுக்கும் இதையே செய்யுங்கள்.

யார் எழுதுவது? சாமானைக் கையில் கொடுப்பவர், கொடுக்கும் நேரத்திலேயே. ஏ9 இலிருந்து உள்ளே போனால் சில இடங்களில் சிக்னல் இருக்காது. கோப்பை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் முன்கூட்டியே அமைத்து வைத்தால், அங்கேயே எழுதலாம். சிக்னல் வந்ததும் தானாகச் சேர்ந்துவிடும். ஓட்டுநருக்குப் போனில் எழுதுவது சிரமம் என்றால் ஏழு கோடு போட்ட கொப்பி ஒன்றைக் கொடுத்து, பின்னேரம் வந்ததும் தட்டிவிடுங்கள். அன்றைய கணக்கு அன்றைக்கே ஏற வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பழைய கொப்பிகளை எல்லாம் ஏற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கடந்த ஒரு வருடம், அதாவது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் அடங்கும் அளவுக்கு, கடை வாரியாக மாத மொத்தத்தை மட்டும் ஏற்றுங்கள். ஒப்பிட அது போதும்.

மிஞ்சும் காசும் முடங்கும் காசும்

இரண்டு மாதம் எழுதிய பிறகு கணினியில் கோப்பைத் திறந்து, செருகு பட்டியலில் இருக்கும் பிவட் டேபிளை எடுங்கள். அதற்கு முன் விற்பனைத் தாளில் அளவை ஒன்றின் விலையால் பெருக்கும் “தொகை” என்ற நிரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் பொருளைப் போடுங்கள், மதிப்பில் தொகையைப் போடுங்கள். எந்தப் பொருள் எவ்வளவு விற்றது என்று ஒரு நொடியில் வரும். பொருளுக்குப் பதில் கடைக் குறியீட்டைப் போட்டால் கடை வாரியாக வரும். ஒருமுறை செய்து வைத்தால் பிறகு போனில் பார்க்கலாம்.

பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். விற்பனை கூடியதுதான் நல்ல பொருள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எங்கள் ஆலையின் கணக்கைப் பாருங்கள்.

மிளகாய்த்தூள் மாதம் 240,000 ரூபாவுக்கு விற்கிறது. மூலப்பொருள், பக்கற், மின்சாரம், கூலி எல்லாம் 204,000. மிஞ்சுவது 36,000. அரிசி மா 150,000 ரூபாவுக்கு விற்கிறது. செலவு 117,000. மிஞ்சுவது 33,000. மிளகாய்த்தூள்தான் முன்னுக்கு நிற்கிறது.

சரி, காசு எப்போது கைக்கு வருகிறது? மிளகாய்த்தூளைக் கடைகள் கடனுக்கு எடுக்கின்றன, சராசரியாக 60 நாளில் காசு வருகிறது. அரிசி மா ஓடும் சாமான், ஒரு கிழமைக்குள் காசு வந்துவிடும். அப்படியென்றால் மிளகாய்த்தூளில் இரண்டு மாதச் செலவு எப்போதும் வெளியே நிற்கிறது: 204,000 இன் இரு மடங்கு, 408,000 ரூபா. அரிசி மாவில் ஏழு நாள் செலவுதான் வெளியே: 117,000 ஐ 30 ஆல் வகுத்து 7 ஆல் பெருக்கினால் 27,300 ரூபா.

ஆக, 408,000 ரூபாவை முடக்கி மாதம் 36,000 உழைக்கிறார். 27,300 ரூபாவை முடக்கி மாதம் 33,000 உழைக்கிறார். மிளகாய்க்கு முடங்கிய காசு அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ வந்ததென்றால் அந்த 36,000 இலிருந்து வட்டியும் போகும். விற்பனைப் பட்டியலில் முதலாவதாக நிற்கும் பொருள்தான் இந்த ஆலையின் மூச்சை இறுக்கிக்கொண்டிருக்கிறது. அரிசி மா வாங்க ஆள் இன்னும் இருக்கிறதா என்பதற்கு “கேட்டார், இல்லை” தாளைப் பார்க்க வேண்டும். அங்கே மா அடிக்கடி எழுதப்பட்டிருந்தால் முடிவு தெளிவு.

இந்த 60 நாள் எங்கிருந்து வந்தது? கடை வாரியாகக் கணக்கிடும் எளிய வழி இது. ஒரு கடையின் நிலுவையை அந்தக் கடை ஒரு நாளைக்குச் சராசரியாகக் கடனுக்கு எடுக்கும் தொகையால் வகுங்கள். மாதம் 22,500 ரூபாவுக்கு எடுக்கும் கடை 45,000 நிலுவை வைத்திருந்தால் 60 நாள். இதை நிலுவை நாள் என்போம். தொகையை மட்டும் பார்த்தால் பெரிய கடைகள்தான் எப்போதும் கெட்ட கடையாகத் தெரியும். நாளாக மாற்றினால்தான் யார் உண்மையில் இழுத்தடிக்கிறார் என்று தெரியும்.

இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. கடைக்காரர் சொல்வார்: “அண்ணை, வெட்டு முடியட்டும், ஒண்டாத் தாறன்.” அவர் தன் கடனாளிகளுக்காகவும் சேர்த்துத்தான் பேசுகிறார். அவரிடம் சாமான் எடுத்த கமக்காரரும் அதே நெல் வெட்டைத்தான் பார்த்திருக்கிறார். இந்தச் சொல்லை நம்புவதா என்பதை வரவுத் தாளே சொல்லும். போன வருடம் பெப்ரவரி, மார்ச்சில் அந்தக் கடையின் நிலுவை நாள் இறங்கியதா? 70 இலிருந்து 15 க்கு இறங்கியிருந்தால் அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர். இந்த வருடமும் கொடுக்கலாம், கூட்டியும் கொடுக்கலாம். வெட்டு முடிந்து சித்திரை வந்தும் 70 இலேயே நின்றிருந்தால் நேரில் போய்ப் பேச வேண்டும்.

பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன், உடனே நிறுத்த வேண்டும் என்று அல்ல. எண் எங்கே போய்க் கேட்பது என்று காட்டும். ஏன் என்று சொல்லாது. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எத்தனை வயல்கள் தண்ணீருக்குள் போயின. அந்த வருடம் காசு வராத கடைகளை மற்ற வருடங்களின் கணக்கோடு வைத்துப் பார்ப்பது நியாயமும் இல்லை, வியாபாரத்துக்கு நல்லதும் இல்லை. அப்படியான காலத்தில் தாங்கிக் கொடுத்தவரைக் கடைக்காரர் மறக்கமாட்டார்.

மாதத்தோடு மாதம் வேண்டாம், போகத்தோடு போகம் பாருங்கள்

எந்த மென்பொருளைத் திறந்தாலும் “கடந்த மாதத்தைவிட இத்தனை சதவீதம் கூடியது” என்றுதான் முதலில் காட்டும். மாதச் சம்பளத்தில் ஓடும் நகரத்துக்கு அது சரி. வன்னியில் காசு நெல்லோடு வருகிறது, நெல்லோடு போகிறது.

காலபோகம் ஒக்டோபர், நவம்பர் மழையோடு விதைப்பு, தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை அருவிவெட்டு. சிறுபோகம் ஏறத்தாழ மே மாதத்தில் தொடங்கி ஓகஸ்ட், செப்டெம்பரில் வெட்டு. மார்கழியில் கைகளில் காசு குறைவு, மழையில் மிளகாயும் காயாது. பெப்ரவரி விற்பனை ஜனவரியைவிட ஏறியது என்று மகிழ்ந்து, அதே வேகத்துக்கு மார்ச்சில் மூலப்பொருளை வாங்கிக் குவித்தால், மே மாதம் அது மூட்டையாகவே கிடக்கும். இந்தப் பெப்ரவரியைப் போன பெப்ரவரியோடு வையுங்கள். இந்தக் காலபோகத்தை முந்திய காலபோகத்தோடு வையுங்கள்.

இதற்கு “காலம்” என்று சிறிய தாள் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு வரி: எந்தப் போகம், விதைப்பா வெட்டா, என்ன விசேடம். தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் மடுவின் ஓகஸ்ட் 15 திருவிழாவும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாளில் வரும். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் அப்படியல்ல. வைகாசி விசாகத்தை ஒட்டி வருவதால் ஒரு வருடம் மே மாதத்திலும் இன்னொரு வருடம் ஜூனிலும் விழும். முல்லைத்தீவுப் பக்கம் சாமான் போடுபவர் மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டால்கூடத் தவறிவிடலாம். விசேடக் கிழமையை விசேடக் கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதே தாளில் இன்னொரு நிரலைச் சேர்க்கச் சொல்வேன்: குளத்து நீர்மட்டம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்வது என்பது மழை முடிந்து குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. அந்த முடிவு உங்கள் வாடிக்கையாளர்களின் செப்டெம்பர் மாதக் கைக்காசைப் பல மாதம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. உங்கள் சொந்த விற்பனைக் கணக்கு நடந்து முடிந்ததை மட்டும்தான் காட்டும். வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று உங்கள் கடைகள் எந்தக் குளத்தை நம்பியிருக்கின்றனவோ அந்தக் குளத்தை எழுதுங்கள்.

சில வருடங்களை அடையாளம் போட்டு ஒதுக்க வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது, அதன் பின்வந்த காலபோகம் விளைச்சலில் அடிபட்டது. 2022 இல் எரிபொருள் இல்லை, விலை ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. இந்தக் காலத்தை ரூபாவில் பார்த்தால் வியாபாரம் பெருகியதுபோலத் தெரியும். கிலோவில் பார்த்தால் பலருக்குக் குறைந்திருக்கும். அதனால் வருடங்களை ஒப்பிடும்போது எப்போதும் கிலோவில் ஒப்பிடுங்கள். ரூபா இந்த மாதத்து இலாப நட்டத்துக்கு.

சராசரி பற்றியும் ஒரு சொல். ஐந்து கிழமை விற்பனை 40, 45, 38, 42, 160 கிலோ என்று வைப்போம். கடைசிக் கிழமை ஒரு கோயில் அன்னதானத்துக்கு மொத்தமாகப் போனது. சராசரி 65 கிலோ. ஆனால் நான்கு கிழமைகளில் ஒன்றுகூட 50 ஐத் தொடவில்லை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 42. இதற்கு இடையம் என்று பெயர், ஷீட்டில் மீடியன் (MEDIAN) என்ற சூத்திரம். வழக்கமான கொள்வனவுக்கு 42 ஐ நம்புங்கள்.

திரையில் என்ன வைப்பது

டாஷ்போர்ட்டுக்குத் தனி மென்பொருள் தேடி ஓட வேண்டாம். அதே கோப்பில் “முகப்பு” என்று ஒரு தாள் போட்டு, நிபந்தனையோடு கூட்டும் சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரத்தையும் இரண்டு படங்களையும் வைத்தால் முதல் வருடத்துக்கு அது தாராளம். பிறகு தேவைப்பட்டால் கூகுளின் லுக்கர் ஸ்டூடியோவை எடுக்கலாம். இலவசம், கூகுள் ஷீட்டோடு நேரடியாக இணையும், தாளில் எழுதியது கொஞ்ச நேரத்தில் படத்தில் மாறும். 2022 இல்தான் இந்தப் பெயர் வந்தது. பழைய பாட வீடியோக்களில் டேட்டா ஸ்டூடியோ என்று இருக்கும், குழம்ப வேண்டாம். மைக்ரோசொஃப்டின் பவர் பிஐ வலுவானது. ஆனால் அதன் டெஸ்க்டொப் பதிப்பு விண்டோஸில் மட்டும்தான் ஓடும், செய்ததை மற்றவர்களோடு முறையாகப் பகிரக் கட்டணம் வேண்டும். இரண்டு மூன்று கிளைகள் வந்த பிறகு பார்க்கலாம்.

திரையின் மேல் மூலையில் முதலில் வைக்க வேண்டியது “கடைசியாகப் பதிந்த திகதி”. ஐந்து நாளாக யாரும் எழுதவில்லை என்றால் கீழே உள்ள எதையும் நம்பக் கூடாது என்று அந்த ஒரு கட்டம் சொல்லிவிடும்.

அதன் கீழே நீங்கள் தாளில் எழுதிய முடிவுகளுக்கு ஒன்று ஒன்றாக. ஆலைக்காரருக்கு நான்கு போதும்: இந்தக் கிழமை விற்ற கிலோவும் போன வருடம் இதே கிழமை விற்றதும் (முதல் வருடம் கிழமைக்குப் பதில் மாதம்), வெளியே முடங்கி நிற்கும் மொத்தக் காசு, நிலுவை நாள் கூடிய ஐந்து கடைகள், ஓட்டம் வாரியாக மிஞ்சிய காசு. தனியாக நிற்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை. 320 கிலோ என்றால் கூடவா குறைவா? பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று எப்போதும் இருக்க வேண்டும்.

காலத்தோடு மாறுவதற்குக் கோட்டுப் படம், கடையோடு கடை ஒப்பிடச் சட்டப் படம். சட்டப் படத்தின் அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்கட்டும். இல்லையென்றால் சின்ன வித்தியாசம் மலைபோலத் தெரியும். பத்துத் துண்டு போட்ட வட்டப் படம் யாருக்கும் உதவாது. சிவப்பு நிறத்தை நீங்கள் முன்பு எழுதிய எல்லை தாண்டிய இடத்துக்கு மட்டும் வையுங்கள்.

கிழமைக்கு ஒரு நாள்

சாமான் எடுக்கும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம் நல்ல நேரம். நீங்கள், கணக்கு எழுதும் பிள்ளை, ஓட்டோ ஓடுபவர் மூவரும் இருக்க வேண்டும். ஓட்டுநரை விடாதீர்கள். “மா03 கடை ஏன் எடுக்கவில்லை?” என்று திரை கேட்கும் கேள்விக்கு, “அந்த அக்கா மகளின் கலியாணத்துக்கு வவுனியா போயிட்டா, கடை பூட்டு” என்ற பதில் அவரிடம்தான் இருக்கும்.

பார்த்து முடிந்ததும் “முடிவுகள்” என்ற தாளில் ஒரு வரி: திகதி, என்ன கண்டோம், என்ன செய்யப் போகிறோம், எப்போது திரும்பப் பார்ப்போம். “ஒட்டுசுட்டான் ஓட்டம் மூன்று கிழமையாக 2,000 க்குக் கீழ். இனி வெள்ளிக்கிழமை மட்டும். ஆறு கிழமையில் பார்ப்போம்.” ஆறு கிழமையில் அந்தக் கடைகள் ஒரே ஓட்டத்தில் அதே அளவை எடுத்தால் முடிவு சரி. பாதியாகக் குறைந்தால் வேறு யாரோ அந்த இடத்துக்குள் வந்துவிட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலையையும் ஓட்டத்தையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியவராது.

மூன்று மாதமாக எவருடைய முடிவையும் மாற்றாத படம் முகப்பில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

யாருக்குக் காட்டுவது, அடுத்து எங்கே போவது

நிலுவைப் பட்டியல் உங்களுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் இடையிலான விடயம். சிறிய ஊர், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரு குடும்பத்தின் மானம் போகும், உங்கள் வியாபாரமும் போகும். கோப்பைப் பகிரும்போது “இணைப்பு உள்ள எவரும்” என்பதைத் தெரிவு செய்யாமல், மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஆட்களைத் தனித்தனியாகச் சேருங்கள். ஓட்டுநருக்கு விற்பனைத் தாளை எழுத மட்டும் வேண்டுமென்றால் அதைத் தனிக் கோப்பாக வையுங்கள். இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி போன்றவை உங்கள் கணக்குக்குத் தேவையில்லை என்றால் சேர்க்கவே வேண்டாம். ஜிமெயில் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். மாதம் ஒருமுறை கோப்பின் பிரதி ஒன்றை வேறு இடத்தில் சேமியுங்கள்.

சூத்திரத்தில் சிக்கினால் கேட்க ஆள் தூரத்தில் இல்லை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பிள்ளை உங்கள் சொந்தக்காரரின் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். ஒரு நாள் கூப்பிட்டு இருத்தி, கோப்பைக் காட்டுங்கள். அவர்களுக்கும் உண்மையான தரவோடு வேலை செய்து பழகக் கிடைக்கும்.

வரிகள் ஆயிரக்கணக்கில் ஏறி, கையால் எழுதுவது சுமையாகும்போது பில் அடிக்கும் மென்பொருள் வாங்கும் யோசனை வரும். விற்க வருபவர் தன் டாஷ்போர்ட்டைத்தான் முதலில் காட்டுவார். அதைப் பார்க்க முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். எல்லா வரிகளையும் சிஎஸ்வி (CSV) கோப்பாக, அதாவது ஷீட் போன்ற எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணையாக, நானே இறக்க முடியுமா? தமிழ்ப் பெயர்கள் அதில் யூனிகோடில் வருமா? சந்தாவை நிறுத்தினால் என் பழைய கணக்கு என் கையில் இருக்குமா? மூன்றுக்கும் ஆம் என்று எழுத்தில் தந்தால் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.